வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பவர்களுக்கு: ஜூலை நெரிசலைச் சமாளிக்கும் வழி

திண்டுக்கல்லில் ஒரு சிறிய அறையில் பதினெட்டு ஆண்டுகளாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுத்துவருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள். மற்றவர்கள் ஓய்வூதியர்கள், பஸ் நடத்துநர்கள், பெங்களூரிலும் கோவையிலும் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பிள்ளைகள். என் அக்கா மகள் இந்த ஆண்டு இதே தொழிலுக்கு வந்திருக்கிறாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேதி. மே மாதத்திலேயே சிலர் வந்து நிற்பார்கள். “சீக்கிரம் போட்டால் ரீஃபண்ட் சீக்கிரம் வரும் மேடம்” என்பார்கள். காகிதங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாக்கல் மட்டும் செய்யாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை சம்பளத்திலும் வட்டியிலும் பிடித்த வரிக்கு அறிக்கை கொடுக்க, பிடித்த அலுவலகத்துக்கும் வங்கிக்கும் மே 31 வரை அவகாசம் உண்டு. சம்பளத்தில் வரி பிடித்ததற்குச் சான்றான படிவம் 16 தருவதற்கு ஜூன் 15. அதற்கு முன், ஒருவர் பான் எண்ணில் எவ்வளவு வரி பிடித்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் கடைசிக் காலாண்டு பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். அதை நம்பித் தாக்கல் செய்துவிட்டு, பிறகு திருத்தக் கணக்குப் போட்டு அலைவது இரட்டை வேலை. ஜூன் 15 முதல் ஜூலை 20 வரை உள்ள ஐந்து வாரங்கள்தான் நமக்கு அறுவடைக் காலம். சம்பளக்காரர்களுக்குக் கடைசி நாள் ஜூலை 31. 2025இல் அதைச் செப்டம்பர் 16 வரை நீட்டித்தார்கள் என்பதற்காக ஒவ்வோர் ஆண்டும் நீட்டிப்பார்கள் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். தவறினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் 1,000.

அடுத்து, எதை முதலில் பார்ப்பது? வந்தவர் பையைப் பிரிப்பதற்கு முன் 26ஏஎஸ் படிவத்தையும், வட்டி முதலிய அவருடைய வரவுகளை வரித் துறையே தொகுத்துக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையையும் இறக்கி அச்செடுத்துவிடுங்கள். ஏஐஎஸ் கோப்புக்குக் கடவுச்சொல், பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, அதோடு சேர்த்துப் பிறந்த தேதி, மாதம், ஆண்டு. அந்தத் தாளை மேசை மேல் இருவருக்கும் நடுவில் வைத்துத்தான் நான் பேச்சையே தொடங்குவேன்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஒருமுறை என் முன் கொதித்துப் போனார். முதிர்வில் மொத்தமாக வாங்கும் வைப்பில் பணம் போட்டிருந்தார். “ஏம்மா, ஒரு பைசா நான் கையில் வாங்கவில்லை. எதற்கு வரி?” நியாயமான கோபம்தான். ஏஐஎஸ் தாளில் அந்த வரியைத் தேடி, பென்சிலால் அடிக்கோடிட்டுக் காட்டினேன். வட்டி ஆண்டுதோறும் அவர் கணக்கில் சேர்ந்துகொண்டே வருகிறது. வங்கி அதில் 10 சதவீதம் பிடித்துக் கட்டிவிட்டது. நாம் இந்த ஆண்டு காட்டாமல் விட்டால், பிடித்த வரி ஒரு பக்கமும் வருமானம் இன்னொரு பக்கமும் நிற்கும். “பிடித்ததோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேனே” என்றார். இது எல்லோரும் நினைப்பதுதான். வங்கி பிடிக்கும் 10 சதவீதம் முன்பணம் மட்டுமே. அவரவர் வரி விகிதம் 20, 30 என்று இருந்தால் மீதியை நாம்தான் கட்ட வேண்டும். இதைப் பொறுமையாக ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டு அவரே வட்டிச் சான்றிதழோடு வருவார்.

பிடித்த வரி 26ஏஎஸ் படிவத்தில் வரவே இல்லை என்றால்? அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் நான் அதிகம் சந்திக்கும் தலைவலி இது. சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடித்தம் இருக்கும். இங்கே ஒரு ரூபாய் இருக்காது. அரசுச் சம்பளத்தில் வரி பெரும்பாலும் செலானில் போவதில்லை. கணக்கு மாற்றமாகப் போகிறது. கருவூலம் மாதந்தோறும் 24ஜி அறிக்கை கொடுக்க, அதற்கு ஓர் எண் விழும். பணம் பெற்று வழங்கும் அலுவலர் அந்த எண்ணைக் குறித்து, காலாண்டுக்கு ஒருமுறை 24கியூ அறிக்கையில் ஒவ்வொருவர் பான் எண்ணுக்கும் எதிரே தொகையை எழுத வேண்டும். அறிக்கை கொடுக்காமல் விட்டாலோ, பானில் ஓர் எழுத்து மாறினாலோ, உழைத்தவர் வரி அவர் பெயரில் சேராது. இதை நம் கணினியில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. மாதவாரித் தொகை, பான் எண் இரண்டையும் எழுதி, திருத்த அறிக்கை கேட்டு அந்த அலுவலருக்கு மனு கொடுக்கச் சொல்லுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பிடித்துவிட்ட வரியை மறுபடி ஊழியரிடம் கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 26ஏஎஸ் படிவத்தில் இல்லாததைக் கணினி ஒப்புக்கொள்ளாது. வரி கேட்டு அறிவிப்பு அனுப்பிவிடும். அப்போது இந்த முத்திரைத் தாள்தான் கையில் இருக்கும் ஆதாரம்.

இளைஞர்களிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி: “வருடத்தின் நடுவில் வேலை மாறினீர்களா?” 2024-25 நிதியாண்டில் ஒரு பையன் ஆறு மாதம் ஓரிடத்தில் 4.5 லட்சம், அடுத்த ஆறு மாதம் வேறிடத்தில் 6 லட்சம் வாங்கியிருந்தான். பழைய சம்பளத்தைப் புதிய இடத்தில் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் சம்பளக்காரர்களுக்கான 75,000 நிலைக் கழிவு கொடுத்து, வரித் தள்ளுபடிக்குரிய ஏழு லட்சத்துக்குள் என்று வரியே பிடிக்கவில்லை. சேர்த்துப் பார்த்தால் 10.5 லட்சம், ஒரே ஒரு 75,000 கழித்து 9.75 லட்சம். வரி, செஸ் சேர்த்து 49,400 ரூபாய், வட்டி தனி. முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். 2025-26 நிதியாண்டில், கழிவுகள் குறைந்த புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி வந்துவிட்டாலும் இந்தப் பொறி அப்படியேதான் இருக்கிறது: இரண்டு இடத்தில் எட்டு எட்டு லட்சம் வாங்கியவருக்குத் திடீரென்று 1,13,100 ரூபாய் வந்து நிற்கும். இதைத் தாக்கல் செய்யும்போது சொல்வதைவிட, வேலை மாறும்போதே சொல்லும்படி இப்போதே பழக்குங்கள்.

பழைய முறையா புதிய முறையா என்பதற்கு அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். இரண்டையும் போட்டுப் பாருங்கள். வீட்டுக் கடன் வட்டியும் வாடகையும் பெரிதாக இல்லாதவருக்குப் பெரும்பாலும் புதியதே லாபம். எதுவும் குறிப்பிடாவிட்டால் புதியதுதான் அமலாகும்.

நம் ஊர் ஆட்களுக்கே உரிய சிக்கல், பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பான் அட்டையில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால். வங்கியில் இனிஷியல் பின்னால். சில பாஸ்புத்தகங்களில் இனிஷியலே இருக்காது. கணினிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். வங்கிக் கணக்கை முன்கூட்டிச் சரிபார்க்கும் இடத்தில் பெயர் பொருந்தாமல் தோற்றுவிடும். ரீஃபண்ட் அந்தரத்தில் நிற்கும். அதனால் ஜூன் மாதமே மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வங்கியில் மாற்றுவதுதான் பெரும்பாலும் எளிது: பான் நகலோடு ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். ஜூலை 29 அன்று இதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

“பக்கத்து வீட்டுக்காரருக்கு 40,000 திரும்பி வந்திருக்கிறது, எனக்கும் வாங்கிக் கொடுங்கள்” என்று கேட்பவர்களை எப்படிச் சமாளிப்பது என்று அக்கா மகள் கேட்டாள். முடியாது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கொடுக்காத வாடகை, போடாத காப்பீடு, அரசியல் கட்சிக்கு அளிக்காத நன்கொடை எதையும் எழுதாதீர்கள். 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (அதாவது 2024-25 நிதியாண்டுக்கான கணக்கிலிருந்து) பாலிசி எண், கடன் கணக்கு எண் எல்லாவற்றையும் படிவமே கேட்கிறது. பொய்க் கழிவு என்று தெரிந்தால் அந்த வரியைப் போல் இரு மடங்கு அபராதம் விதிக்கலாம். அதைக் கட்டப்போவது நம்மை நம்பி வந்தவர். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசுவதையும் நான் வெறுக்கிறேன். அந்தக் கூலியே நம் கையைத் தவறான கட்டத்துக்கு இழுக்கும்.

தாக்கல் செய்தவுடன் வேலை முடியவில்லை. 30 நாளுக்குள் மின்-சரிபார்ப்பு நடக்க வேண்டும். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் சிங்கப்பூரில் உள்ள மகனிடம் இருக்கும். அல்லது நடத்துநர் பழனி போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார். போனில் பேசி, எண்ணைப் படித்துச் சொல்ல நேரம் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே ஓடிபி அனுப்புங்கள். ஆதார் வழி முடியாவிட்டால் இணைய வங்கி வழியாகச் செய்யலாம்; அதுவும் இல்லையென்றால் கையொப்பமிட்ட ஐடிஆர்-வி என்னும் ஒப்புகைத் தாளை வரித் துறையின் பெங்களூரு மையத்துக்கு அனுப்பலாம், அதே 30 நாளுக்குள்.

வந்தவர் கணக்கில் உங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் ஒருபோதும் போடாதீர்கள். தாக்கல் செய்ததில் குறைபாடு என்று 139(9) பிரிவின்படி அறிவிப்பு வந்தால் பதில் சொல்ல 15 நாள்தான். அது உங்கள் பெட்டியில் நூறு கடிதங்களுக்கு அடியில் கிடந்தால் அவருடைய கணக்கே செல்லாமல் போய்விடும்.

என்னிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. பெயர், தாக்கல் தேதி, சரிபார்த்த தேதி, கணக்கைப் பரிசீலித்துத் துறை அனுப்பும் 143(1) தகவல் வந்த தேதி, பணம் வந்த தேதி என்று ஐந்து கட்டங்கள். ஆகஸ்டு முதல் வாரத்தில் மூன்றாவது கட்டம் காலியாக உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நானே போன் செய்கிறேன். அக்கா மகளுக்கும் அதே போல் ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.