'காலம் மாறிவிட்டது' என்று மட்டும் மனு எழுதாதீர்கள்

அரசியலமைப்புச் சட்டத்தை வைத்து மனு எழுதத் தொடங்கும் ஜூனியர் வழக்கறிஞர்கள் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பிரிவு எண்ணைத் தப்பாகப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதை யாராவது திருத்திவிடுவார்கள். கீழே உள்ளவை வழக்கையே கெடுத்துவிடும்.

சமூக மாற்றத்தைச் சொல்லி, அதோடு நிறுத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். சமூகம் எப்படி மாறியது என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். கேட்கிற உரிமை அரசியலமைப்பின் எந்தச் சொல்லிலிருந்து வருகிறது என்று ஒரு வரி இருக்காது. மாதிரி நீதிமன்றப் போட்டி ஒன்றில், அருமையாக வாதாடிக்கொண்டிருந்த மாணவியிடம் அதைத்தான் கேட்டேன். மறுபடியும் சமூகத்தைப் பற்றியே பேசினார். ஜெயிக்க வேண்டிய வழக்கு அங்கேயே போனது.

21-வது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. 1950-இல் ஏ.கே. கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு உரிமையையும் தனித்தனியாகப் படித்தது; சட்டம் வகுத்த நடைமுறை இருந்தால் போதும் என்றது. அப்படிப் பிரித்துப் படிப்பதை 1970-இல் வங்கி தேசியமயமாக்கல் வழக்கு உடைத்தது. அதனால்தான் 1978-இல் மேனகா காந்தி வழக்கில் 14 (சமத்துவம்), 19 (பேச்சு போன்ற சுதந்திரங்கள்), 21 மூன்றையும் சேர்த்துப் படித்து, அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று சொல்ல முடிந்தது. பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 2017-இல் அந்தரங்க உரிமை வந்ததும் இந்த வழியில்தான்.

2023-இன் தன்பாலினத் திருமண வழக்கையும் படியுங்கள். மனுதாரர்கள் 14, 15 (பாகுபாட்டுக்குத் தடை), 21 எல்லாவற்றையும் எடுத்துவைத்தார்கள். அப்படியும், திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. ஆனால் பிரிவுகளைக் காட்டி வாதாடியவர்களுக்கே இந்த நிலை என்றால், வெறும் 'காலம் மாறிவிட்டது' எங்கே நிற்கும்?

விளக்கத்தையும் திருத்தத்தையும் குழப்புவது

சட்டத்தைத் திருத்தி வந்ததை, நீதிமன்றம் விளக்கம் சொல்லித் தந்தது போல எழுதுவதை நம் ஊர் மனுக்களிலேயே பார்க்கிறேன். 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்த சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்லூரி இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது அதே ஆண்டு நாடாளுமன்றம் முதல் திருத்தத்தில் சேர்த்த 15(4) என்ற உட்பிரிவு.

அமர்வின் அளவைப் பார்க்காதது

அந்தரங்க உரிமை வழக்கை ஒன்பது நீதிபதிகள் ஏன் கேட்டார்கள்? அந்த உரிமைக்குக் குறுக்கே நின்ற 1954-இன் எம்.பி. சர்மா தீர்ப்பு எட்டு பேருடையது; பெரிய அமர்வின் தீர்ப்பைச் சிறிய அமர்வு மாற்ற முடியாது.

செத்த தீர்ப்பைக் காட்டுவது

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு செல்லும் என்ற 2013 தீர்ப்பை, 2018-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

மாறுபட்ட தீர்ப்பைத் தள்ளிவிடுவது

கோபாலன் வழக்கில் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் நீதிபதி ஃபசல் அலி தனியாக எழுதியதைப் படியுங்கள். மேனகா காந்தி தீர்ப்பின் விதை அதில் இருக்கிறது. அப்புறம், நெருக்கடி நிலையின்போதும் சிறைவைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாடலாம் என்று 1976-இல் நீதிபதி ஹெச்.ஆர். கன்னா எழுதியதையும். அன்று அவருக்கு எதிராக நான்கு பேர். 2017-இல் அந்த நால்வரின் தீர்ப்பைத் தூக்கியெறிந்த உச்ச நீதிமன்றம், கன்னா சொன்னதே சரி என்றது.