மார்த்தெனிட்சா கட்டுவது எப்படி: பல்கேரியாவின் சிவப்பு வெள்ளைக் கயிறு

மார்ச் 1 அன்று பல்கேரியாவில் யாரைப் பார்த்தாலும் மணிக்கட்டிலோ சட்டையிலோ சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த நூல் ஒன்று இருக்கும். அதுதான் மார்த்தெனிட்சா. அன்று பாபா மார்த்தாவின் நாள். பாபா என்றால் பாட்டி. நொடியில் வெயில், நொடியில் பனி என்று மனம் மாறும் மார்ச் மாதத்தையே ஒரு கிழவியாகப் பார்க்கிறார்கள். அவள் மனம் குளிர இந்த நூலைக் கட்டிக்கொள்கிறார்கள். பல்கேரியா, ருமேனியா, மால்டோவா, வடக்கு மாசிடோனியா நான்கும் சேர்ந்து முன்வைத்த இந்த மார்ச் 1 வழக்கத்தை 2017இல் யுனெஸ்கோ தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கடையிலும் கிடைக்கும். ஆனால் இது தனக்கென்று வாங்கிக்கொள்ளும் பொருள் அல்ல, பிறருக்குக் கொடுப்பது. கையால் முறுக்கியதைக் கொடுப்பதில் இருக்கும் அழகு கடைச்சரக்கில் வராது.

தேவையானவை

2 மி.மீ. தடிமனுள்ள உல்லன் நூல், சிவப்பில் 8 மீட்டர், வெள்ளையில் 8 மீட்டர். ஒரு கயிறும் ஒரு ஜோடி பொம்மையும் செய்ய இது போதும். கத்தரிக்கோல், பென்சில், செலோடேப், தடித்த அட்டை, ஊக்கு. அசல் கம்பளி நூலே நல்லது. அக்ரிலிக் வழுக்கும், முடிச்சு நிற்காது. தொடங்கும் முன் சிவப்பு நூலை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள். துணியில் சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம். முதல் மழையிலேயே வெள்ளை ரோஸ் நிறமாகிவிடும்.

கயிறு முறுக்குதல்

புதியவர்கள் இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்து முறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு புரி முழுச் சிவப்பு, மறு புரி முழு வெள்ளை, இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்கு வழி இது.

சிவப்பில் 90 செ.மீ., வெள்ளையில் 90 செ.மீ. வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டாக மடியுங்கள். சிவப்பின் மடிப்புக்குள் வெள்ளையைக் கோத்து, சங்கிலியின் இரு கண்ணிகள் போல மாட்டுங்கள். இப்போது 90 செ.மீ. நீளத்தில் பாதி சிவப்பு, பாதி வெள்ளை.

சிவப்பு முனைகளை முடிச்சிட்டு மேசையில் ஒட்டுங்கள். வெள்ளை முனைகளைப் பென்சிலில் கட்டி, நூலை இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எந்தப் பக்கம் சுற்றுவது? பத்துச் சுற்று சுற்றிவிட்டு நூலை உற்றுப் பாருங்கள். அதன் சொந்த முறுக்கு இறுகினால் சரியான பக்கம். பிரிந்து பஞ்சு போலத் தளர்ந்தால் மறுபக்கம் மாற்றுங்கள். இதைக் கவனிக்காததால்தான் பலருடைய கயிறு தொளதொளவென்று வருகிறது.

சுமார் நூறு சுற்று ஆகும். எண்ணிக்கையை நம்ப வேண்டாம், நூலைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். உடனே தானாகச் சுருண்டால் போதும்.

இப்போது நிறங்கள் சேரும் இடத்தில் ஒரு சாவியை மாட்டித் தொங்கவிட்டு, இரு முனைகளையும் ஒன்றாகக் கொண்டுவாருங்கள். அந்த நேரத்தில் நூல் தளரவே கூடாது. தளர்ந்தால் நடுவே சுருட்டை விழும், அதை நீவி எடுப்பது பெரும்பாடு. சாவி சுழன்று கயிறு தானாகப் பின்னிக்கொள்ளும். அது நின்றதும் முனைகளைச் சேர்த்து முடிச்சிட்டு, சாவியை எடுத்துவிட்டு அந்தப் பக்கமும் முடிச்சிடுங்கள். கயிற்றை இருமுறை வெடுக்கென்று இழுத்தால் புரிகள் சீராகும். ஏறத்தாழ 38 செ.மீ. கிடைக்கும். பெரியவர் கையில் கட்டிய பின்னும் இரு முனைகளிலும் குஞ்சம் விட இடமிருக்கும்.

பிஜோவும் பெந்தாவும்

இவர்கள் மார்த்தெனிட்சாவின் ஜோடிப் பொம்மைகள். பிஜோ ஆண், வெள்ளை. பெந்தா பெண், சிவப்பு.

8 செ.மீ. உயர அட்டையில் வெள்ளை நூலை 25 சுற்று சுற்றுங்கள். மேல் விளிம்பில் ஒரு துண்டு நூலை நுழைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, கீழ் விளிம்பில் வெட்டுங்கள். மேலிருந்து 1.5 செ.மீ. விட்டு சிவப்பு நூலால் கழுத்தைக் கட்டுங்கள். கைகளுக்கு 6 செ.மீ. அட்டையில் 10 சுற்று, இரு பக்கமும் வெட்டி, இரு நுனியிலும் கட்டு. கைக்கட்டைக் கழுத்துக்குக் கீழே இழைகளுக்கு நடுவில் குறுக்கே நுழைத்து, அதன் அடியில் இடுப்பைக் கட்டுங்கள். இடுப்புக் கட்டு தளர்ந்தால் கை தொங்கிவிடும். கீழே உள்ள இழைகளை இரண்டாகப் பிரித்துக் கணுக்காலில் கட்டினால் பிஜோ தயார்.

பெந்தாவுக்கும் இதே முறைதான், நிறம் மட்டும் மாறும். கால் பிரிக்க வேண்டாம், இழைகளை விரித்துவிட்டால் அதுவே பாவாடை. முகம் வரைய வேண்டியதில்லை. இருவரையும் ஒரு சிறு கயிற்றால் இணைத்து ஊக்கில் மாட்டுங்கள்.

கட்டுவதும் கழற்றுவதும்

கொடுக்கும்போது "செஸ்தித்தா பாபா மார்த்தா" என்று வாழ்த்துவார்கள். நாரையையோ தகைவிலான் குருவியையோ பூத்த மரத்தையோ கண்ணில் காணும் வரை அணிந்திருப்பார்கள். சில ஊர்களில் கழற்றியதைக் கல்லுக்கடியில் வைத்து, பிறகு அங்கே என்ன பூச்சி வந்திருக்கிறது என்று பார்த்து ஆண்டின் பலன் சொல்வதுண்டு. பெரும்பாலும் பழமரக் கிளையில் கட்டிவிடுவார்கள். அங்கே மட்டும் இறுக்க வேண்டாம். உங்கள் விரல் ஒன்று நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள், கிளை பருக்கும்போது கயிறு அதன் பட்டையை அறுக்காது.