பழைய சாகாவுல வால்வ் செட் பண்றது எப்படி, டிக் டிக் சத்தத்துக்கு ஏன் பயப்பட வேணாம்

பழைய புரோட்டான் சாகா காரு வச்சிருக்கவங்க கேக்கற மொத கேள்வி, அண்ணே என்ஜின் தையல் மிஷின் மாதிரி டிக் டிக்னு அடிக்குது, போச்சா? போகல லா. வால்வுங்கறது என்ஜினுக்குள்ள பெட்ரோல் காத்த உள்ள விடற (இன்டேக்), புகைய வெளிய விடற (எக்ஸாஸ்ட்) மூடி, அந்த சத்தம் அங்கிருந்துதான். எனக்கு சத்தம் போடற வால்வ விட கம்முனு இருக்கற வால்வுதான் பயம், ஏன்னா அப்பா காருல ஒரு தடவ சத்தம் பிடிக்காம நானே வால்வ் கேப்ப செட் பண்ற எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கி விட்டேன், நாலு மாசம் பட்டு மாதிரி ஓடுச்சு, அப்புறம் பினாங்குல பாலிக் பூலாவ் ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது, ஹெட்ட கழட்டினா மூணாம் நம்பர் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வ் ஓரம் எலி கடிச்ச மாதிரி எரிஞ்சிருக்கு.

வால்வ் சூட்டுல நீளும், அதுக்குத்தான் ராக்கர் (வால்வ அமுக்கித் திறக்கற கை) ஸ்க்ரூவுக்கும் வால்வ் தண்டுக்கும் நடுவுல கொஞ்சூண்டு கேப். கேப் இல்லாட்டி முழுசா மூடாது, மூடி சீட்டுல உக்காந்தாத்தான் அதோட சூடு ஹெட்டுக்கு இறங்கும். எக்ஸாஸ்ட் இன்னும் சூடு, அதனால அதுக்கு கேப் கூட. பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர், 80ல போனா பத்து நிமிஷம், 3000 ஆர்பிஎம்னு (நிமிஷத்துக்கு 3000 சுத்து) வச்சிக்கிட்டா, ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைன்னு அந்தக் கரைக்குப் போறதுக்குள்ள ஒவ்வொரு வால்வும் 15,000 தடவ திறந்து மூடியிருக்கும், தேயாம என்ன செய்யும்.

வேலைக்கு வருவோம். நான் சொல்றது 1985ல வந்த சாகாவோட 4ஜி13, 8 வால்வ் என்ஜின். 12 வால்வ்னா அளவு வேற, புக்க பாருங்க. என்ஜின் சூடா இருக்கணும், அதனால கை பத்திரம், அடியில எக்ஸாஸ்ட் பைப் கொதிக்கும். வால்வ் கவர கழட்டுங்க, பிளக்கையும் கழட்டிட்டா சுத்த லேசா இருக்கும். கிராங்க் புல்லி நட்டுல ஸ்பானர் போட்டு என்ஜின் ஓடற பக்கமே சுத்தி டைமிங் மார்க் டாப்ல (ஒண்ணாம் பிஸ்டன் உச்சியில இருக்கற குறி) நிக்க வைங்க. இப்ப ஒண்ணாம் சிலிண்டர் ராக்கர் ரெண்டையும் ஆட்டிப் பாருங்க, ரெண்டும் லேசா ஆடினா சரி, ஆடலன்னா இன்னொரு முழு சுத்து.

அந்த நிலையில இன்டேக் 1, 2, எக்ஸாஸ்ட் 1, 3 (நம்பர் சிலிண்டரோடது) மட்டும் செட் பண்ணுங்க. ஒரு முழு சுத்து விட்டு இன்டேக் 3, 4, எக்ஸாஸ்ட் 2, 4. அளவு இன்டேக் 0.15 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.25. லாக் நட்ட லூஸ் பண்ணி ஃபீலர் கேஜ்ல (கேப் அளக்கற மெல்லிசு தகடுங்க) அந்த அளவு பிளேட உள்ள விட்டு ஸ்க்ரூவ திருப்புங்க, பிளேட இழுக்கும்போது லேசா பிடிக்கணும், வழுக்கிக்கிட்டு வந்தா லூஸ், இழுத்தா வளையுதுன்னா டைட்டு. எல்லாரும் தப்பு விடற எடம் அடுத்ததுதான், லாக் நட்ட இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேந்து திரும்பிடும், அதனால ஸ்க்ரூட்ரைவர அழுத்திப் பிடிச்சிக்கிட்டே இறுக்கி மறுபடி பிளேட விட்டுப் பாக்கணும். சந்தேகமா இருந்தா துளி லூஸா விடுங்க, டைட்டா விடாதீங்க.

புது காரு பலதுல இந்த ஸ்க்ரூவே கிடையாது. ஹைட்ராலிக்னா தானா சரி பண்ணிக்கும், பக்கெட் டைப்னா (வால்வ் மேல கிண்ணம் கவுத்தின மாதிரி) பெரும்பாலும் கேம்ஷாஃப்ட்ட கழட்டணும், அத வர்க்‌ஷாப்ல விட்டுடுங்க.

கேப் சரியா இருந்தும் இழுக்கலன்னா கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்குதுன்னு கேஜ் வச்சுப் பாக்கறது). ஒரு சிலிண்டர் கம்மியா காட்டினா அதுல ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு திரும்ப பாருங்க, ஏறினா பிஸ்டன் ரிங், ஏறலன்னா அனேகமா வால்வ் (ஹெட் கேஸ்கெட்டாவும் இருக்கலாம்). நீளமான இறக்கத்துல கால எடுத்துட்டு வந்து திரும்ப மிதிக்கும்போது பின்னாடி நீலப் புகை வந்தா அது ஸ்டெம் சீல் (வால்வ் தண்டு வழியா ஆயில் இறங்காம தடுக்கற ரப்பர்), கேப்ப எவ்வளவு செட் பண்ணாலும் நிக்காது.

கவர மூடும்போது பழைய ரப்பர் கேஸ்கெட் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா இருந்தா தூக்கிப் போட்டு புதுசு போடுங்க, இல்லன்னா ஆயில் எக்ஸாஸ்ட் மேல சொட்டி சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் கருகின வாசன வரும்.