நீல மாத்திரை நாள்: பள்ளியில் சரியாக நடத்துவது எப்படி?

ரத்தசோகை வராமல் தடுக்க 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை வாரம் ஒன்றாகக் கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. தொடக்க வகுப்புகளுக்கான இளஞ்சிவப்பு மாத்திரையில் இரும்பு 45 மி.கி. தான். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 52 என்று கணக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். சத்துணவு முடிந்த பிறகே மாத்திரை. பெரும்பாலான சிக்கல்கள் இந்த ஒரு விதியை மீறுவதால் வருபவை. வெறும் வயிற்றில் இரும்பு இறங்கினால் குமட்டலும் வயிற்று வலியும் வரும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால், பார்த்த பயத்திலேயே பத்துப் பேருக்கு வயிறு புரட்டும். மறுவாரம் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். 11, 12-ஆம் வகுப்பினருக்குச் சத்துணவு கிடையாது. அவர்கள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். காய்ச்சல் உள்ளவர்களுக்கு அன்று வேண்டாம்.

தண்ணீர் பாட்டில் மேசைமேல் இருக்கட்டும். முதல் மாத்திரையை ஆசிரியர் எல்லார் முன்னும் விழுங்க வேண்டும். எந்த அறிவுரையும் இதற்கு ஈடாகாது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு மாத்திரையை மென்று பழகியவர்கள் இதையும் கடிப்பார்கள். முழுதாக விழுங்கச் சொல்லுங்கள். விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே பதிவேட்டில் குறியிடுங்கள். மொத்தமாகக் கையில் கொடுத்துவிட்டுக் குறியிட்டால் பதிவேடு நிரம்பும், மாத்திரை ஜன்னலுக்கு வெளியே கிடக்கும்.

மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். பெற்றோர் கூட்டத்திலும் சொல்லுங்கள். மாத்திரை போட்டபின் ஒரு மணி நேரமாவது டீ, காபி கூடாது. அவை இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். நெல்லிக்காயும் கொய்யாவும் இரும்பு உடலில் சேர உதவும்.

வராத பிள்ளைக்கு, பள்ளிக்கு வந்த நாளில் சாப்பிட்டபின் ஒன்று கொடுங்கள். விட்டுப்போனதற்காக இரண்டு தரக் கூடாது. கோடை விடுமுறைக்கான மாத்திரை அட்டையைப் பிள்ளையிடம் தராமல் பெற்றோர் கையில் கொடுங்கள். வீட்டிலுள்ள சின்னஞ்சிறுசுகள் மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கினால் இரும்பு நஞ்சாகி உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வாரம் ஒரு மாத்திரை ரத்தசோகை வராமல் தடுக்கத்தான், வந்த பிறகு அது போதாது. கீழ் இமையின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை வெளுத்திருந்தாலோ மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, பெயரைக் குறித்துக் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். 12 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 8-க்கும் கீழே என்றால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். அடுத்த மாத்திரை நாள்வரை தள்ளாதீர்கள்.