பி.இ. உரிமத் தேர்வு: புத்தகம் வாங்குவதற்கு முன்

பி.இ. தேர்வுக்குப் படிக்கிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டார்: "பி.இ.தான் அப்போதே முடித்துவிட்டாயே, அரியர் ஏதாவது மறைத்து வைத்திருந்தாயா?" தமிழில் எழுதினால் கல்லூரிப் பட்டமும் இந்தத் தேர்வும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. நான் சொன்னது அமெரிக்காவில் வரைபடத்தில் முத்திரையிட்டுக் கையெழுத்துப் போடும் 'புரொஃபஷனல் இன்ஜினியர்' உரிமம். அதிலும் சிவில் பிரிவில் கட்டுமானம் என்ற தாள்.

எஃப்.இ. என்ற முதல்கட்டத் தேர்வு, அனுபவச் சான்று, உரிமம் தரும் மாநில வாரியத்துக்கு விண்ணப்பம் எல்லாம் ஏற்கெனவே முடித்தவர்களுக்கான பதிவு இது. எதைப் படிப்பது, எதை வாங்குவது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு. முதல் முறை நான் தேறவில்லை. இரண்டாம் முறை தேறினேன். இடையில் மாறியது என் மூளை அல்ல, மேசைமேல் இருந்த பொருள்கள்.

படி 1: பாடத்திட்டத்தை இறக்குங்கள், தேதியைப் பாருங்கள்

தேர்வை நடத்தும் என்சிஈஈஎஸ் அமைப்பின் தளத்தில் கட்டுமானத் தாளுக்கான பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. இதைப் படிக்காமல் ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். நான் செலவழித்தேன். வேலைத்தளத்தில் ஒருவர் ஒரு பெட்டி நிறையப் பழைய புத்தகங்களை மலிவாகத் தந்தார். காரில் ஏற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டது. பாதிக்கு மேல் பயன்படவில்லை.

காரணம், 2022 ஜனவரியில் இந்தத் தேர்வு கணினிக்கு மாறியது. உங்கள் புத்தகங்களை உள்ளே எடுத்துச் செல்லும் காலம் அத்துடன் போய்விட்டது. பிறகு 2024 ஏப்ரலில் பாடத்திட்டமும் மாறியது. அதற்கு முன் பாதிக் கேள்விகள் சிவிலின் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் வரும். இப்போது 80 கேள்விகளும் கட்டுமானத் தாளின் பாடத்திட்டத்திலிருந்தே வருகின்றன: மண்வேலை, அளவு மற்றும் செலவு மதிப்பீடு, கட்டுமான முறைகள், கால அட்டவணை, பொருள்களின் தரம், தற்காலிக அமைப்புகள், பாதுகாப்பு. ஆகவே 2024-க்கு முந்தைய 'சிவில் முழுத் தொகுப்பு' யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

படி 2: கையேடு. நான் விழுந்த இடம் இதுதான்

தேர்வறையில் உங்களுக்குத் துணை திரையில் இருக்கும் இரண்டே பொருள்கள். ஒன்று, என்சிஈஈஎஸ்ஸின் சிவில் கையேடு. மற்றொன்று, பாடத்திட்டத்தோடு பட்டியலிடப்பட்ட விதித்தொகுப்புகள். கையேட்டின் பிடிஎஃப் உங்கள் கணக்கிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

முதல் முறை நான் செய்த தவறு, அதை அலுவலகத்தில் அச்சிட்டு, ஸ்பைரல் போட்டு, மஞ்சள் கோடு இழுத்துப் படித்தது. எந்த சூத்திரம் இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதுவரை நினைவிருந்தது. தேர்வறையில் பக்கம் புரட்ட ஒன்றுமில்லை, தேடல் பெட்டி மட்டும்தான். நான் 'ஷட்டரிங்' என்று தட்டினேன். ஒன்றும் வரவில்லை. கான்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகை அச்சை ஊரில் சென்ட்ரிங், ஷட்டரிங் என்றே சொல்லிப் பழகிய வாய். இங்கே அதற்குப் பெயர் 'ஃபார்ம்வொர்க்'. தெரியாத சொல் அல்ல, தினமும் தளத்தில் கேட்கும் சொல்தான். பதற்றத்தில் கைக்கு வந்தது கல்லூரிச் சொல்.

அதனால் முதல் நாளிலிருந்தே திரையில் படியுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் கையேட்டில் தேடிக் கிடைத்த சொல்லை ஒரு நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் நான்கு பக்கம் சேர்ந்தது. வாங்கிய எந்தப் புத்தகத்தையும்விட அந்த நான்கு பக்கம் எனக்கு அதிகம் உதவியது.

விதித்தொகுப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தேர்வில் ஒரு நேரத்தில் ஓர் அத்தியாயத்தைத்தான் திறந்து தேட முடியும். எந்த அத்தியாயம் என்பது உங்கள் தலையில் இருக்க வேண்டும். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1926 விதிகளில் பள்ளம் தோண்டுவது 650 முதல் 652 வரை, சாரம் 450-லிருந்து, விழுதல் தடுப்பு 500-லிருந்து. பொதுவாக 6 அடி உயரத்திலேயே விழுதல் தடுப்பு வேண்டும், சாரத்தில் 10 அடிக்கு மேல். தவறான அத்தியாயத்தைத் திறந்தால் தவறான எண் கிடைக்கும், அந்த எண்ணும் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும்.

ஓஷா விதிகளும் சாலைப்பணிப் போக்குவரத்துக்கான எம்யுடிசிடி என்ற விதித்தொகுப்பும் அரசுத் தளங்களில் இலவசம். ஏஎஸ்சிஈ (சிவில் பொறியாளர் சங்கம்), ஏசிஐ (கான்கிரீட் நிறுவனம்) வெளியீடுகளுக்கு விலை அதிகம். அலுவலக அலமாரியில் தேடிவிட்டுப் பிறகு யோசியுங்கள். எம்யுடிசிடியின் 11-ஆம் பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது. புதியதுதானே சரி என்று இறக்கிவிட வேண்டாம், பட்டியலில் எந்தப் பதிப்போ அதைத்தான் படிக்க வேண்டும்.

படி 3: ஒரே ஒரு முதன்மைப் புத்தகம்

மூன்று புத்தகம் வாங்கியவர்கள் மூன்றிலும் முதல் அத்தியாயம்வரை படித்திருப்பார்கள். ஒன்று போதும். அதைத் தேர்ந்தெடுக்க என் சோதனை, மண்வேலை அத்தியாயத்தைத் திறப்பது.

கணக்கு இது. இறுக்கிய நிலையில் 1,000 கன கெஜம் கரை வேண்டும். மண்ணின் சுருக்கம் (இறுக்கும்போது குறைவது) 10%, உப்பல் (தோண்டியதும் பருப்பது) 25%. லாரி ஒன்று 12 கன கெஜம் ஏற்றும். எத்தனை நடை?

அவசரக்காரர் 1,000-ஐ 1.10-ஆல் பெருக்குவார். 1,100 வரும். அதை 1.25-ஆல் பெருக்கினால் 1,375, அதாவது 115 நடை. ஆனால் அந்த 10% என்பது தோண்டும் இடத்தில் கிடக்கும் மண்ணின் அளவில் 10%. எனவே 1,000-ஐ 0.90-ஆல் வகுக்க வேண்டும். 1,111 வரும். லாரியில் ஏறியதும் 1,389. ஆக 116 நடை. ஒரே ஒரு லாரிதான் வித்தியாசம், அந்த ஒரு லாரியில் மதிப்பெண் போய்விடும்.

உங்கள் புத்தகம் வெறும் சூத்திரத்தை மட்டும் தருகிறதா, ஏன் வகுக்கிறோம் என்று மண்ணின் மூன்று நிலைகளையும் (தோண்டும் முன், லாரியில், இறுக்கிய பின்) வைத்துச் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் வாங்குங்கள். மணலை 100 கன அடி யூனிட் கணக்கில் வாங்கிப் பழகியவர்கள் 27 கன அடி ஒரு கன கெஜம் என்பதைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். மெட்ரிக்கில் மட்டும் பயிற்சி தரும் நம் ஊர்ப் போட்டித் தேர்வுப் புத்தகங்கள் இதற்கு உதவாது.

படி 4: மாதிரித் தேர்வு

என்சிஈஈஎஸ்ஸே விற்கும் மாதிரித் தேர்வைக் கட்டாயம் வாங்குங்கள். முதலிலேயே தொட்டுவிடாதீர்கள், கடைசி மாதத்துக்கு வைத்திருங்கள். உண்மைத் தேர்வைப் போலவே 8 மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, எதையும் காலியாக விடாதீர்கள்.

வகுப்பு வேண்டுமா? கல்லூரி முடித்து ஆண்டுகள் பல ஆனவர்களுக்கு வேண்டும். மற்றவர்களுக்கு அந்தப் பணம் வீண் என்பது என் எண்ணம். திட்டுவதானால் திட்டுங்கள்.

படி 5: கால்குலேட்டர்

அனுமதிப் பட்டியலில் காசியோ எஃப்எக்ஸ்-115, எஃப்எக்ஸ்-991 வகைகள் இருக்கின்றன. அதாவது கல்லூரியில் தேய்த்த அதே எஃப்எக்ஸ்-991 எம்எஸ் செல்லும். புதிதாக வாங்குகிறவர்கள் டிஐ-36எக்ஸ் புரோ வாங்கலாம், எனக்கு அதன் பொத்தான்கள் பிடிக்கும். எதுவானாலும் முதல் நாளிலிருந்து அதே ஒன்று.

பின்சேர்க்கை: கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அந்த மாநிலத்தில் சிவில் உரிமத்துக்கு நிலநடுக்கம், நில அளவை என்று மேலும் இரண்டு தேர்வுகள் உண்டு. மேலே சொன்ன எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது, பாடத்திட்டமே வேறு.

இன்னொரு பின்சேர்க்கை: அந்தப் பழைய பெட்டியை விற்பீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விற்கமாட்டேன். அதில் தடிமனான இரண்டு புத்தகங்கள் என் மானிட்டரைக் கண்மட்டத்துக்குத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன.