அடிமைமுறை மண்ணின் பேய்க்கதைகள்: சொல்லும்போது எங்கே சறுக்குகிறோம்?

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பேய்க்கதைகளைத் தமிழில் எழுதுகிறவர்களும் காணொளியில் சொல்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். பெரும்பாலும் நியூ ஆர்லியன்ஸ் நகரின் ராயல் தெருவில், லாலோரி மாளிகையில்தான் தொடங்குகிறார்கள். முதல் சறுக்கலும் அங்கேதான்.

1834 ஏப்ரல் 10 அன்று அந்த வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்தது. அடுப்போடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த வயதான சமையல்காரியே, தண்டனைக்கு அஞ்சித் தீ மூட்டியதாகச் சொல்லப்பட்டது. பூட்டிய அறையிலிருந்து ஏழு அடிமைகள் குற்றுயிராக மீட்கப்பட்டதாக அக்கால நாளிதழ் எழுதியது. ஊரார் திரண்டு வீட்டைச் சூறையாடினார்கள். வீட்டு எஜமானி டெல்ஃபின் லாலோரி பிரான்சுக்குத் தப்பினார். அவர்மீது வழக்கே நடக்கவில்லை. இந்த உண்மைகளே நெஞ்சை அடைக்கப் போதும். ஆனால் 20ஆம் நூற்றாண்டுக் கதைசொல்லிகள் ஆதாரமே இல்லாத சித்திரவதை விவரங்களை மேலும் மேலும் அடுக்கினார்கள். ரத்தம் கூடக் கூட லாலோரி ஒரு தனி அரக்கியாகிவிடுகிறார். மனிதரை உடைமையாக வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை தந்த சட்டம் கதையிலிருந்து நழுவிவிடுகிறது. அவர் வீட்டை நொறுக்கிய அதே நகரத்தில் அடிமை ஏலங்கள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நடந்தன. ஏலச்சந்தையை விட்டுவிட்டு மாளிகையை மட்டும் காட்டுவது பாதிக் கதை.

எனக்கு இதைவிட எரிச்சல் தருவது லூசியானாவின் மர்ட்டில்ஸ் பண்ணைவீட்டுக் கதை. குளோயி என்ற அடிமைப் பெண் நீதிபதி வுட்ரஃபின் ஆசைநாயகியாக இருந்தாளாம். ஒட்டுக்கேட்டதற்காக அவள் காதை அறுத்தார்களாம். அவள் நஞ்சு கலந்த கேக் கொடுத்து அவர் மனைவியையும் குழந்தைகளையும் கொன்றாளாம். பச்சைத் தலைப்பாகையோடு இன்றும் அங்கே உலவுகிறாளாம். குளோயி என்று ஒருத்தி அந்த வீட்டில் இருந்ததற்கு ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. வுட்ரஃபின் மனைவி சாரா 1823இல் இறந்தது மஞ்சள் காய்ச்சலால் என்றே வரலாற்றைத் தேடியவர்கள் சொல்கிறார்கள். மறுக்க உரிமையில்லாத ஒரு பெண்ணை ஆசைநாயகி என்கிறது கதை. பிறகு அவளையே கொலைகாரியாக்கி, விருந்தினர் பயந்து ரசிக்கும் பேயாகவும் ஆக்குகிறது. இப்படிப்பட்ட கதை கையில் கிடைத்தால், இதில் யாரைப் பார்த்துப் பயப்படச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

கறுப்பின மக்கள் பேய் என்றால் நடுங்குவார்கள் என்பது இன்னொரு பழைய பொய். உள்நாட்டுப் போர் முடிந்ததும் டென்னசியில் தோன்றிய வெள்ளை இனவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் கிளானின் ஆட்கள், அந்தப் போரின் ஷைலோ களத்தில் செத்த வீரர்களின் ஆவிகள் என்று சொல்லிக்கொண்டு இரவில் வீடு வீடாகப் போனார்கள். நரகத்திலிருந்து தாகத்தோடு வந்திருப்பதாகச் சொல்லி வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதுபோல் காட்டுவார்கள். அங்கிக்குள் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் பை ஒளிந்திருக்கும். அப்பாவிகள் இதை நம்பி ஓடினார்கள் என்று பிறகு வேடிக்கையாக எழுதினார்கள். 1871இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுமுன் சாட்சி சொன்ன கறுப்பின மக்களோ முகமூடிக்குள் இருந்த அண்டைவீட்டாரைக் குரலாலும் குதிரையாலும் அடையாளம் காட்டினார்கள். அவர்கள் அஞ்சியது துப்பாக்கிக்கும் சவுக்குக்கும்.

இலக்கியத்துக்கு வந்தால், பேய் நிஜமா மனப்பிரமையா என்று துப்பறியும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலுக்குத் தூண்டுதலாக இருந்தவர் மார்கரெட் கார்னர். 1856 ஜனவரியில், உறைந்து கிடந்த ஓஹையோ ஆற்றைக் கடந்து அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்தவர். பிடிபடும் தறுவாயில் தன் சின்னஞ்சிறு மகளைக் கொன்றார். கொலைக்காக விசாரித்தால் அவரை மனுஷி என்று ஒப்புக்கொண்டதாகும். ஓடிப்போன உடைமை என்றால் உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தார்கள். நாவலில் கொல்லப்பட்ட பின் பேயாகத் திரும்பி வரும் மகளைத் தாயின் குற்றவுணர்வு என்று சுருக்கினால், பழி முழுவதும் அவர் தலையிலேயே விழுகிறது.

தென்கரோலினாக் கடலோர வீடுகளில் ஆவிகளை விரட்டத் தாழ்வாரக் கூரைக்குப் பூசும் நீலத்தை வெறும் அலங்காரமாக எழுதுவதும் தவறே. அந்த வழக்கம், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்களுடையது. அங்கே அவுரி பயிரிட்டுச் சாயம் எடுத்தவை அடிமைகளின் கைகள்.

கடைசித் தவறு கதையின் முடிவைப் பற்றியது. பேய் சாந்தியடைந்தது, எல்லோரும் மன்னித்துவிட்டார்கள் என்று முடிக்க நமக்கு ஆசை. ஜார்ஜியாவின் செயின்ட் சைமன்ஸ் தீவுக் கதை அப்படி முடிவதில்லை. 1803இல் சவானாவில் விற்கப்பட்டு அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட, மேற்கு ஆப்பிரிக்க இனத்தவரான இக்போ மக்கள், கப்பலில் கிளர்ந்தெழுந்து, கரையிறங்கியதும் டன்பார் ஓடைக்குள் நடந்து போனார்கள். பலர் மூழ்கி இறந்தார்கள். அந்த நீரில் சங்கிலிச் சத்தம் கேட்கும் என்பார்கள் தீவுவாசிகள். ஆனால் அந்த இக்போ மக்கள் சாகவில்லை, சிறகடித்து ஆப்பிரிக்காவுக்கே பறந்துவிட்டார்கள் என்ற கதையும் அக்கடலோரத்தில் வழங்கியது. அடிமைகளின் வழிவந்த முதியவர்கள் அதை 1930களிலும் சொன்னார்கள். சங்கிலிச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை சுற்றுலாச் சரக்காகிவிடும். பறந்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் மூழ்கியவர்கள் மறைந்துபோவார்கள். எழுதுகிறவர் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். மன்னிப்பு என்ற பேச்சே அந்தக் கதையில் எங்கும் இல்லை. அதை நாமாகச் சேர்க்க வேண்டியதில்லை.