டொமைன் சரிபார்ப்பு விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் இணையதளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தருவதற்குமுன், அதன் டொமைனை (இணையப் பெயரை) விண்ணப்பித்தவர் கையாள முடிகிறதா என்று சான்றிதழ் நிறுவனம் சோதிப்பதே டொமைன் சரிபார்ப்பு. அதற்கு எந்த முறை நல்லது என்பதே விவாதம். ஒரு டொமைன் யாருக்குச் சொந்தம் என்பதை இந்த நிறுவனங்கள் உறுதிசெய்கின்றன என்று நினைத்துக்கொண்டு பேசத் தொடங்குவதே முதல் தவறு. நாம் அன்றாடம் காணும் பெரும்பாலான சான்றிதழ்கள் உரிமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. விண்ணப்பித்தவர் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் அந்த டொமைனைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார் என்பதை மட்டுமே சொல்கின்றன. ஆகவே எந்த முறையை எடைபோடும்போதும், அது கேட்கும் செயலை வேறு யாரால் செய்து காட்ட முடியும் என்று முதலில் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்காததன் விளைவை, டொமைனின் முகவரி ஒன்றுக்கு உறுதிப்படுத்தும் மடல் அனுப்பும் மின்னஞ்சல் முறையில் தெளிவாகக் காணலாம். அட்மின், வெப்மாஸ்டர், ஹோஸ்ட்மாஸ்டர் போன்ற பெயர்களில் உள்ள முகவரிகள் நிர்வாகியிடம்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் அது நிற்கிறது. 2015இல் மைக்ரோசாஃப்டின் ஃபின்லாந்து மின்னஞ்சல் சேவையில் சாதாரணப் பயனர் ஒருவர் ஹோஸ்ட்மாஸ்டர் என்ற பெயரைப் பதிவுசெய்து, அந்த டொமைனுக்கே சான்றிதழ் வாங்கிவிட்டார். டொமைனைப் பதிவுசெய்தவரின் விவரம் தரும் ஹூயிஸ் பதிவேட்டில் உள்ள மின்னஞ்சல் முகவரியை நம்பும் முறை 2025 வரை அனுமதிக்கப்பட்டிருந்தது; அதுவும் இதைவிட மேலானதல்ல. டாட் மொபி என்று முடியும் பெயர்களுக்கான பழைய ஹூயிஸ் சர்வரின் காலாவதியான டொமைனை ஆய்வாளர்கள் சிலர் 2024இல் வாங்கியபோது, சான்றிதழ் நிறுவனங்கள் சில இன்னும் அதனிடமே விவரம் கேட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது.

அப்படியானால், டொமைன் பெயரைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகளில் குறியீடு ஒன்றைச் சேர்த்துக் காட்டும் டிஎன்எஸ் முறை ஒன்றே போதும், மற்றவற்றை ஒழித்துவிடலாம் என்று வாதிடுவோர் உண்டு. இது எனக்கு உடன்பாடில்லை. ஒரு டொமைனின் துணைப்பெயர்கள் அனைத்துக்கும் பொருந்தும் வைல்டுகார்டு சான்றிதழைத் தானியங்கியாகப் பெற அது தேவைதான். ஆனால் புதுப்பித்தலைத் தானியங்கியாக்குவதற்காக, டிஎன்எஸ் பதிவுகள் அனைத்தையும் மாற்றவல்ல சாவியை இணைய சர்வரிலேயே வைப்பவர்கள் பலர். அந்த சர்வருக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால், ஒரு தளத்தோடு நிற்க வேண்டிய சேதம் டொமைன் முழுவதற்கும் பரவும். சரிபார்ப்புப் பதிவை மட்டும், ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் சிநேம் (CNAME) பதிவு வழியாகத் தனியொரு டிஎன்எஸ் மண்டலத்துக்கு (தனியாக நிர்வகிக்கப்படும் பதிவுத் தொகுப்புக்கு) திருப்பிவிட்டால், அந்தச் சாவியின் அதிகாரம் அங்கேயே அடங்கிவிடும்.

விவாதங்களில் அதிகம் மறக்கப்படுவது, சரிபார்ப்புக் கேள்வி பயணிக்கும் பாதை. டிஎன்எஸ் ஆனாலும், தளத்தில் ஒரு கோப்பை வைத்துக் காட்டும் எச்டிடிபி முறை ஆனாலும், இணையப் போக்குவரத்து எவ்வழியே செல்ல வேண்டும் என்பதை முடிவுசெய்யும் பிஜிபி வழித்தடத்தைச் சிறிது நேரம் திருப்பிவிடுபவனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட முடியும் என்பதை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் விளக்கினார்கள். 2022இல் தென்கொரியாவின் கிளேஸ்வாப் தளத்தின் பயனர்களிடம் கிரிப்டோ நாணயங்களைத் திருடியவர்கள், இவ்விதமாகத்தான் சான்றிதழ் பெற்றார்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் 2020 முதலே உலகின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் சரிபார்த்து வருகிறது. 2025 செப்டம்பர் 15 முதல் உலாவிகளின் பொது நம்பிக்கை பெற்ற சான்றிதழ் நிறுவனங்கள் அனைத்துக்கும் இது கட்டாயம். எனினும், எல்லா இடங்களிலிருந்தும் வரும் போக்குவரத்து ஒருசேரத் திருப்பப்பட்டால் இதுவும் உதவாது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

காலத்தைக் கணக்கில் கொள்ளாததும் தவறே. ஒருமுறை பெற்ற சரிபார்ப்பை 398 நாள் வரை மறுபடி பயன்படுத்த அனுமதித்த விதி, 2029 மார்ச் 15 முதல் 10 நாளாகச் சுருங்கவிருக்கிறது. இதை வேலைச்சுமையாக மட்டும் பார்ப்பவர்கள், இடைப்பட்ட காலத்தில் டொமைன் கைமாறியிருந்தால் பழைய உரிமையாளர் புதிய சான்றிதழைப் பெற முடியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.